ஓவன் காலிதான்

ஜாக்கிரதை போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அவர் மனைவி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஜாக்கிரதை என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் அவருக்கு மின்பராமரிப்பு வேலை. ஏணியில் ஏறுகிறவனைப் பார்த்தாலும் "ஜாக்கிரதை" என்பார், டீ குடிக்கிறவனைப் பார்த்தாலும் "சூடு, ஜாக்கிரதை" என்பார். அதனால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நிஜப் பெயர் அடையாள அட்டையோடு சரி. அப்படிப்பட்ட மனுஷரை மின்சாரம் ஒன்றும் செய்யவில்லை, ஏணியும் ஒன்றும் செய்யவில்லை. வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்த வாக்கில் நெஞ்சு நின்றுபோனது.

வீட்டிலிருந்த மின்அடுப்பை அவரேதான் பார்த்து வாங்கினார், அவரேதான் பொருத்தினார். மேலே பாத்திரம் வைக்க நான்கு கம்பிச்சுருள் காயில், கீழே கதவு வைத்த ஓவன். அடுப்போடு சட்டதிட்டங்களும் வந்து இறங்கின. பாத்திரத்தின் கைப்பிடி எப்போதும் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஆறாத காயிலைத் துணியால் தொடக்கூடாது. காயிலைக் கழற்றித் துடைக்கும்போது அதன் முனையில் தண்ணீர் படக்கூடாது. சமையல் முடிந்ததும் சுவரிலிருக்கும் பெரிய சிவப்பு சுவிட்சை அணைத்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டிவிட்டாள். ஒன்றுக்கு மட்டும் தலை ஆடியதே தவிர மனசு ஆடவில்லை. ஓவனுக்குள் எந்தச் சாமானும் வைக்கக்கூடாது என்பது அது.

சமையலறையோ தீப்பெட்டி அளவு. இருப்பது ஒரே அலமாரி. அவளுக்கு ஓவனில் வைத்துச் செய்ய ஒரு பலகாரமும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கதவும் தட்டுமாக அவ்வளவு பெரிய இடம் வெறுமனே வாயை மூடிக்கொண்டு கிடந்தால் எந்தக் குடும்பப் பெண்ணுக்குப் பொறுக்கும்? வாணலிகள் போயின, மூடிகள் போயின, கழுவிச் சேர்த்த ஐஸ்கிரீம் டப்பாக்களும் பின்னாலேயே போயின. ஒருநாள் அவர் பார்த்துவிட்டார்.

"ஒரு வீட்ல இப்படித்தான்," என்று ஆரம்பித்தார். "உள்ள டப்பா இருக்கறது தெரியாம யாரோ குமிழைத் திருப்பிட்டாங்க. நான் போய்ப் பார்த்தப்ப சுவரெல்லாம் கரி. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகல." அன்று சாப்பாடு ஆறும்வரை அந்த ஒரு வீட்டுக் கதை ஓடியது.

அதற்குப் பிறகு வீட்டில் திருடன் போலீஸ் ஆட்டம்தான். காலையில் அவர் படியிறங்கியதும் சாமானெல்லாம் ஓவனுக்குள் போகும். சாயங்காலம் வாசல் மணி அடித்ததும் வெளியே வரும். மனுஷர் சாவியைப் பையில் வைத்துக்கொண்டேதான் மணி அடிப்பார். பூட்டைத் திறக்கக்கூட ஆள் வேண்டியிருக்கிற மகாராஜா என்று அவள் மகளிடம் கேலி செய்வாள். "கை ஈரமா இருக்கு, இருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். கை ஈரமாகவே இருக்காது. வீட்டிலிருந்தபடியே பிறர் துணிகளைப் பிரித்துத் தைக்கிற வேலை அவளுடையது. காய்ந்த கையோடு ஓடி, சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்து, தையல் மிஷினுக்கு அடியில் வைத்துத் துணியால் மூடிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அதுவரை அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஒரு ஜோடிச் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிற ஆளை அவள் வேறெங்கும் கண்டதில்லை.

உள்ளே வந்து முகம் கழுவிவிட்டுக் கேட்பார்: "ஓவன் காலியா இருக்கா?"

"காலிதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரி என்று அவளுக்குத் தன்மேல் ரொம்பப் பெருமை. மகள் படித்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போன பிறகும் இந்த ஆட்டம் நிற்கவில்லை. சொல்லப்போனால் பல நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்ட பேச்சே இவ்வளவுதான்.

அவரைக் கொண்டுவந்து போட்ட அன்று அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யார் வந்து கட்டிக்கொண்டு அழுதாலும் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கா பாரு," என்று நாத்தனார் கூடத்திலேயே சொன்னாள். காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள், விழவும் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தானே சொல்கிறாள் என்று பட்டது.

அதற்குப் பிறகும் எதுவும் வரவில்லை. பசித்தால் டீ போட்டாள். துணி வந்தால் தைத்தாள். யார் என்ன சொன்னாலும் "சரி" என்றாள். காலையில் சாமானை ஓவனுக்குள் வைத்தாள், சாயங்காலம் எடுத்து மிஷினுக்கு அடியில் வைத்தாள். யாருக்குப் பயந்து எடுக்கிறோம் என்று கைக்குத் தோன்றவில்லை. தபால்காரர் மணி அடித்தால்கூட முதலில் ஓவனிடம் ஓடிவிட்டுத்தான் வாசலுக்கு வந்தாள்.

ஒரே ஒரு நினைப்பு மட்டும் விடாமல் அரித்தது. எனக்கு அவர்மேல் பிரியமே இருந்ததில்லையோ? அவருக்காவது என்மேல் இருந்ததா? அந்த மனுஷர் காயிலைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். என்னை எப்போது பார்த்தார்? காவலுக்கு நிற்கிறவனோடு வாழ்ந்துவிட்டு, அவன் போனதும் அழவேண்டும் என்றால் அழுகை எங்கிருந்து வரும்? அழாதது அவளுக்குப் பெரிதில்லை. அழ ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதோ என்பதுதான் பயமாக இருந்தது. அந்தப் பயம்கூட மரத்துப்போன பல்லில் நாக்குப் படுகிற மாதிரி எங்கோ தூரத்தில் இருந்தது.

மகள் பார்க்க வந்த அன்று அவள் தண்ணீரில்லாத கெட்டிலைக் காயிலின்மேல் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். நாற்றம் வந்து மகள் ஓடிப் பார்த்தால் கெட்டிலின் அடி சிவந்திருந்தது.

"அம்மா, இந்தப் பழைய அடுப்பு இனிமே வேண்டாம். கண்ணாடி மேல்தட்டு வச்சது வாங்கறேன். சூடு ஆறலன்னா அதுவே லைட் போட்டுக் காட்டும். துடைக்கறதும் சுலபம்."

"சரி."

"இத எடுத்துட்டுப் போகச் சொல்லிடவா? அப்பா வாங்கினதாச்சே."

"சரி."

 மகள் எழுந்து போய்க் கருகிய கெட்டிலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

புது அடுப்பைப் பொருத்த நெட்டை வந்தார். ஜாக்கிரதையோடு வருஷக்கணக்கில் ஒன்றாக வேலை பார்த்தவர். கதவுநிலையில் குனிந்துதான் நுழையவேண்டிய உயரம். அவர் வந்தது பகல் நேரம், மகள் ஊருக்குத் திரும்பியிருந்தாள். சாமான்கள் வழக்கப்படி ஓவனுக்குள் இருந்தன.

சிவப்பு சுவிட்சை அணைத்தார். பிறகு மெயின் பெட்டிக்குப் போய் பிரேக்கரையும் இறக்கினார். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அணைச்சா மட்டும் போதாது, கரண்ட் செத்துப்போச்சான்னு பாக்கணும்னு அண்ணன் சொல்வார்," என்றவர், சொன்ன வார்த்தைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு அது உறைக்கவேயில்லை.

"அண்ணி, ஓவன்ல ஏதும் இருக்கா?"

"காலிதான்."

நெட்டை அடுப்பைப் பிடித்து முன்னால் இழுத்தார். உள்ளே பாத்திரக்கடையே சரிந்த மாதிரி ஒரு சத்தம். அவர் கதவைத் திறந்து பார்த்தார். வாணலி, மூடி, டப்பா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்தன. சிரிக்கக்கூடாத வீடாயிற்றே என்று முயன்று பார்த்தார், முடியவில்லை.

"அண்ணன் மட்டும் இதப் பார்த்திருந்தா?"

"அவருக்குத் தெரியாது," என்றாள் அவள். "தினமும் அவர் வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

சாமான்களைத் தரையில் எடுத்து வைத்தார்கள். நெட்டை அடுப்பைத் திருப்பி, கேபிளைக் கழற்றுவதற்காகப் பின்தகட்டின் திருகாணிகளை எடுத்தார். தகடு கையில் வந்ததும் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஓவன் ரிப்பேரா இருந்துச்சா, அண்ணி?"

"தெரியலயே. நான் அதப் போட்டதே இல்ல."

"ஓவன் காயில் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வயரையும் கழட்டி, தனித்தனியா மூடி போட்டு, டேப் சுத்தி வச்சிருக்கு. நீங்க குமிழை எப்படித் திருப்பினாலும் ஓவன் சூடாகாது." டேப்பின் நுனியை விரலால் தடவினார். நுனி சின்னதாக மடித்து விடப்பட்டிருந்தது. "அண்ணன் கை. நாளைக்கு வர்றவன் நகத்தால சுரண்டக்கூடாதுன்னு நுனிய மடிச்சு விடற ஆள் அவர் ஒருத்தர்தான்."

"எப்பப் பண்ணியிருப்பார்?"

நெட்டை டேப்பை லேசாக வளைத்தார். அது காய்ந்த இலை மாதிரி நொறுங்கியது.

"இது நேத்து முந்தாநேத்து சுத்தினதில்ல. உங்க பொண்ணு பள்ளிக்கூடம் போயிட்டிருந்த காலத்ததா இருக்கும்." தரையில் கிடந்த ஐஸ்கிரீம் டப்பாக்களைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, அண்ணனுக்குத் தெரியும்."

அவள் "சரி" என்றாள். 

 நெட்டை பழைய அடுப்பைத் தள்ளுவண்டியில் ஏற்றி வண்டிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, புது அடுப்போடு வந்திருந்த இரும்புக் கொக்கியைச் சுவரோரம் தரையில் திருகினார். ஓவன் கதவைத் திறந்து யாராவது அதன்மேல் பாரத்தைப் போட்டாலும் அடுப்பு முன்னால் கவிழாமல் பிடித்துக்கொள்கிற கொக்கி. கேபிளை மாட்டி, எர்த் வயரை இறுக்கி, அடுப்பை உள்ளே தள்ளினார். கொக்கியில் பின்கால் சிக்கியதா என்று மேல்விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சமமாக நிற்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை மேலே வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களைத் திருகினார். பிறகு அதைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தார்.

"முதல் தடவ ஓவன வெறுமனே சூடாக்கணும். தொழிற்சாலை எண்ணெய் எரிஞ்சு கொஞ்சம் புகை வரும், பயப்படாதீங்க. ஜன்னலத் திறந்து வச்சுக்கலாம்."

புகை வந்தது, நாற்றம் வந்தது, கூரையிலிருந்த புகைமணி வீல் வீல் என்று கத்தியது. ஜாக்கிரதை போன பிறகு இந்த வீட்டில் வாய்விட்டுக் கத்தியது அது ஒன்றுதான். நெட்டைக்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை, எட்டி ஒரு பொத்தானை அழுத்தி அதை அடக்கினார்.

"அண்ணி," என்றார் கிளம்பும்போது. "இந்த ஓவன் நிஜமாவே சூடாகும். உள்ள எதுவும் வைக்காதீங்க."

"சரி."

பொழுது சாய்ந்தது. அவள் புறங்கையை ஓவன் கதவருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஆறியிருந்தது. முதலில் புறங்கையை வைத்துப் பார்க்கவேண்டும் என்பதும் ஜாக்கிரதையின் சட்டம்தான். தரையில் கிடந்த சாமான்களைக் கை தானாக எடுத்து உள்ளே அடுக்கியது. வாணலிகள், அதன்மேல் மூடிகள். கடைசியாக டப்பாவைக் கையில் எடுத்தபோது நின்றாள். இந்த ஓவனுக்குப் பின்னால் போய் வயரைக் கழற்றி வைக்க ஆளில்லை.

அவள் வீட்டிலில்லாத ஒரு நேரம் பார்த்துச் செய்திருக்கவேண்டும். தனியாக அடுப்பை இழுத்திருப்பார். அதற்கு முன்னால் சாமானையெல்லாம் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் வாணலிமேல் மூடி, மூடிமேல் டப்பா என்று அவள் வைத்த வரிசையிலேயே திரும்ப அடுக்கியிருப்பார். ஒரு டப்பா இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குத் தெரிந்திருக்கும். அன்று சாயங்காலமும் முகம் கழுவிவிட்டு, ஓவன் காலியா என்று கேட்டிருப்பார்.

வாசல் மணி அடித்தது.

கை ஓடியது. இரண்டு மூடிகளை எடுத்து மிஷினுக்கு அடியில் வைத்தாள், திரும்பி வாணலியை எடுத்தாள். எதிரே சுவர் ஆணியில் அவருடைய சாவி தொங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மகள் கொண்டுவந்து மாட்டிய சாவி. தேய்ந்து பளபளவென்று இருக்கவேண்டிய சாவி புதுசாகவே இருந்தது. ஒருநாளும் அவர் அதைப் பூட்டில் போட்டதில்லை. மணியை அடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவள் எடுத்து முடிக்கட்டும் என்று ஒரு ஜோடிச் செருப்பை அவ்வளவு நேரம் கழற்றினார். மழையிலும் கழற்றினார்.

வாணலியை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  அழுகை வந்தது. எங்கேயிருந்து வந்தது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியாமல் வந்தது. வாணலிக்கு அடியில் மாட்டிய முந்தானை எட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தை வழித்து வழித்துத் துடைத்தாள்.

வாசலில் நெட்டையின் குரல் கேட்டது. "அண்ணி, ரசமட்டத்த விட்டுட்டுப் போயிட்டேன்."  அவர் மறுபடி மணி அடிக்கவில்லை. படியில் உட்காருகிற சத்தம் கேட்டது.

அவள் இரண்டு கையையும் பார்த்தாள். முழங்கைவரை வழிந்திருந்தது.

"கை ஈரமா இருக்கு," என்றாள் வாசலைப் பார்த்து. "கொஞ்சம் இருங்க."