மூடியைக் கழற்றியது யார்

டெபோரா சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். சீசன் மும்முரத்தில், கூழ் பிழியும் மிஷினில் சிக்கிய தோலை எடுக்கப்போன பவ்யாவுக்கு வலக்கை விரல்கள் போய்விட்டன. மிஷின் வாயில் இருக்கவேண்டிய இரும்பு மூடி அன்றைக்கு இல்லை.

விசாரணைக்கு அதிகாரி வரும் நாளில் மேனேஜர் கிருபானந்தம் டெபோராவை அறைக்கு அழைத்தார். அவள் போகும் கிறிஸ்தவ சபையில் அவர் மூப்பர்.

"அந்தப் பொண்ணே மூடியக் கழட்டிட்டு கைய வுட்டுச்சுன்னு சொல்லிடும்மா."

"அது கழட்டலையே ஐயா."

"கை வைக்காதேன்னு போர்டு மாட்டிக்கீது இல்ல? சொன்ன பேச்சு கேக்காம கை நீட்டுச்சு. திங்காதேன்னு சொன்ன பழத்துக்கு ஏவாளும் அப்டித்தான் கை நீட்டுனா. தப்பு பண்ணவளுக்குத் தண்டனை. கர்த்தரோட நியாயம் அதான்."

ஞாயிறு பள்ளியில் டெபோரா வருஷாவருஷம் சொல்லும் கதை. கை எட்டுகிற இடத்தில் அந்த மரத்தைக் கர்த்தர் ஏன் வைத்தார் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அவளுக்கு இன்றுவரை பதில் தெரியாது. தெரிந்தது வேறொன்று.

"பழத்தத் தின்னியான்னு கர்த்தர் மொதல்ல ஆதாமத்தான் கேட்டாரு ஐயா. அவன் பொண்டாட்டியக் கைகாட்டுனான். அவ பாம்பக் காட்டுனா. நான்தான்னு நேராச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல."

"அதுக்கு இன்னா இப்போ?"

"நான் சொல்லப் போறேன்."

வேலை போய்விடும் என்றார். தெரியும் என்றாள்.

அதிகாரி முன் அவளே போய் நின்றாள். "மூடி இருந்தா வேலை லேட்டாவுதுன்னு கழட்டச் சொன்னது மேனேஜர். ஸ்பேனர் புடிச்சுக் கழட்டுனது நானு. பவ்யா மேல தப்பே இல்ல சார்."

மிஷின்களுக்கெல்லாம் மூடி வந்தது. பவ்யாவுக்கு நஷ்டஈடு உறுதியாயிற்று. வழக்கில் மேனேஜர் பெயரோடு டெபோராவின் பெயரும் சேர்ந்தது, வேலையும் போயிற்று.

விசாரணை நடந்த அன்று மாலையே, திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் பவ்யாவிடம் அவளே சொன்னாள்.

"நீயாக்கா கழட்டன?" பவ்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மன்னிக்கச் சொல்லி டெபோரா கெஞ்சவில்லை. மறுநாளும் பஸ் ஏறினாள். அப்புறமும் போனாள். கஞ்சி ஊட்டினாள், துணி அலசிப் போட்டாள். ஊட்டி முடிந்ததும் பவ்யா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் அவள் போனபோது, சிக்கு விழுந்த தலைமுடியோடு பவ்யா இடக்கையால் போராடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போவலக்கா."

"போவ வேணாம்."

"சீப்பு ஜன்னலாண்ட கீது. பின்னி வுடு."