சர்வருக்குள் இன்னொரு ஆள்

ஸ்கேன் சென்டரின் சர்வரை ஆறு வருஷமாகக் கவனித்துவந்தவர் டாக்டரின் மச்சான். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி அவர் விலகிப் போனதும், "ரிப்போர்ட் அடிக்கிறவதானேம்மா, இதையும் சேர்த்து அடி" என்று டாக்டர் அந்த வேலையை டைப்பிஸ்ட் தலையில் கட்டிவிட்டார்.

மச்சான் விட்டுப்போன நோட்டில் கட்டளைகள் வரிசையாக இருந்தன. அவள் கறுப்புத் திரையைத் திறந்து, நாளுக்கு நாலைந்தாக அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு who அடித்தாள். சர்வருக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காட்டுவது அது. தன் பேர் மட்டும் வரும் என்று நினைத்தாள். கீழே இன்னொரு வரி. மச்சானின் பேர்.

அடுத்து last அடித்தாள். வந்து போனவர்களின் பட்டியல் ஓடியது. தினமும் காலை பதினொன்று பத்துக்கு வந்து, கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

டாக்டரிடம் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அப்பவே தெரியும். நம்ம நோயாளிங்க பட்டியலை எவனுக்கோ விக்கிறான். கையும் களவுமா பிடி."

மறுநாள் மச்சான் சர்வருக்குள் வந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் என்னென்ன அடித்தார் என்று பதிவாகும் கோப்பைத் திறந்தாள். அன்றைக்கு எதையும் நகலெடுக்கவில்லை. டிஸ்கில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அப்புறம் அவள் அடித்த கட்டளைகளின் பதிவைத் திறந்து வரி விடாமல் படித்திருக்கிறார்.

கோபத்தில் போன் போட்டாள். "என்னை எதுக்கு சார் வேவு பார்க்கிறீங்க?"

"போன வருஷம் டிஸ்க் கெட்டு நூறு ஸ்கேன் படம் போச்சும்மா. நான்தான் அழிச்சேன்னுட்டார் எங்க அக்கா வீட்டுக்காரர். இனி எது காணாம போனாலும் என் பேர்தான் அடிபடும். அதான் பார்க்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "முந்தாநாள் ஒரு ஃபோல்டரை rm -r போட்டு அழிச்சியே, அதுக்கு முன்னாடி pwd அடிச்சு எந்த இடத்துல நிக்கிறோம்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை.

"நீ அழிச்சது மார்ச் மாசப் படம் மொத்தமும். பேக்கப்ல இருந்து எடுத்து வச்சிருக்கேன்."

நம்பலாமா என்று தெரியவில்லை. எது யார் பேரில், எந்தத் தேதியில் இருக்கிறது என்று காட்டும் ls -l அடித்துப் பார்த்தாள். மார்ச் ஃபோல்டர் இருந்தது. உரிமையாளர் இருக்கும் இடத்தில் அவர் பேர், தேதி முந்தாநாள்.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மத்தியானம்வரை தவித்துவிட்டு டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "அழிச்சது நான். அவர்தான் திருப்பி வச்சிருக்கார்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

அன்றே தன் கண்முன்னால் மச்சானின் சர்வர் கணக்கை முடக்கச் சொன்னார். முடக்கினாள். மறுநாள் காலை ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப அடிச்சியே, அது எதை அழிக்குது?"

"எதையும் அழிக்காது டாக்டர். பட்டியல் காட்டும்."

"ம்" என்றார். எழுந்து போகவில்லை.