தெற்குக் கட்டத்து மண்

எங்கள் ஊர் மைதானத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று வாண்டா ஸ்ட்ருசிக் போட்ட கூச்சலில் ஈரி ஏரி மீன்களில் பாதி கனடாக் கரைக்கு ஓடிவிட்டன. மீதிப் பாதிக்குக் காது போய்விட்டது.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள் வாண்டா. ஒலிபெருக்கி இல்லாமல் முழுப் பள்ளிக்கூடத்தையும் வரிசையில் நிற்கவைத்த குரல். ஆனால் அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. அது என்ன சாதாரண மைதானமா? எஃகு ஆலைகள் மூடிக்கிடந்த பஞ்ச காலத்தில், வேலையில்லாத எங்கள் தாத்தாக்கள் சூப்புக்கும் ரொட்டிக்கும் கட்டியது. கப்பலுக்குப் போடவேண்டிய இரும்பை உட்காரும் பலகைக்குப் போட்டிருந்தார்கள். யுத்தம் வந்தபோது, அதைக் கழற்றி டாங்கி செய்யலாம் என்று ராணுவம் ஆள் அனுப்பியது. ஒரு திருகாணியும் அசையவில்லை. இதற்கு ஜெர்மானியரோடு சண்டை போடுவதே சுலபம் என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹாமர்ஸ் அணியின் கால்பந்து. எங்கள் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனைப் பாய்ந்து மடக்குவது. காலுக்கு அதிகம் வேலையில்லை. மற்ற நாட்களில் அந்தப் புல் சும்மா கிடந்ததில்லை. குத்துச்சண்டை நடந்தது. ராட்சதச் சக்கரம் வைத்த வண்டிகள் பழைய கார்கள் மேல் ஏறி நசுக்கும் வேடிக்கை நடந்தது. சனிக்கிழமை எழுப்புதல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் அழுது மனந்திரும்புவார்கள். மறுநாள் அதே ஆட்கள் அதே பலகையில் உட்கார்ந்து நடுவரின் தாயாரை விசாரிப்பார்கள். எழுபதுகளின் பெரும் பனிப்புயலில் சாலையில் சிக்கியவர்களையெல்லாம் உள்ளே தங்கவைத்தார்கள். அந்தக் குளிருக்கு மறு வருடம் பிறந்த பிள்ளைகளுக்காகவே ஊர் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதாயிற்று. கொரோனா வந்தபோது தடுப்பூசி போட்டதும் அங்கேதான். ஊசிக்குப் பயந்து ஓடியவனைப் பக்கத்தில் நின்றவன் பாய்ந்து மடக்கிப் பிடித்தான். வரிசை முழுக்கக் கைதட்டியது. அந்த வருடம் எங்கள் ஊரில் யாரும் உருப்படியாக ஒருவனை மடக்கியது அது ஒருமுறைதான்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு இதையெல்லாம் சொல்வதில் தனி ருசி. வாண்டாவுக்கு ருசியெல்லாம் இல்லை. அவள் புருஷன் உள்ளே இருந்தான்.

லெஸ்டர் ஸ்ட்ருசிக் ஆலையில் பற்றவைக்கும் வேலை பார்த்தவன். ஆட்ட நாட்களில் விடியும்போதே வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, கார் நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி, போலந்து சாசேஜ் சுடுவான். புகையைப் பார்த்து விமானங்கள் வேறு ஊரில் இறங்கின. சாகும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: "என்னைத் தெற்குக் கட்டத்துல போட்டுடு, வாண்டா. செத்தப்புறமாவது நம்ம பய ஒருத்தன் புள்ளி எடுக்கறத கிட்ட இருந்து பாக்கறேன்."

புல்லின் இரு கோடியிலும் ஒரு கட்டம் உண்டு. பந்தோடு அதற்குள் போய்விட்டால் புள்ளி. எங்கள் ஆட்கள் தெற்குக் கட்டத்துக்குள் போவது, எங்கள் மேயர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதுபோல அபூர்வம். அப்படி ஒரு அபூர்வம் நடந்த நாளில் கூட்டம் புல்லில் இறங்கி ஆட, வாண்டா காப்பித்தூள் டின்னைக் கவிழ்த்து, சாம்பலாகிவிட்ட லெஸ்டரைத் தூவினாள். காவலுக்கு நின்றவன் பார்த்துவிட்டான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பேர்ப்பட்ட இடம் அது.

இப்போது முதலாளி பிரெஸ்டன் ஹால்விக்குக்குப் புது மைதானம் வேண்டுமாம். அப்பா விட்டுப்போன அணி. அப்பா விட்டுப்போன கோட்டு. ஊர்ப் பணத்தில் கட்டித் தராவிட்டால் அணியைப் பனி விழாத ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று மிரட்டினான். நகரசபை உடனே கையெழுத்துப் போட்டது. எதிர்ப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிமாதிரி புது மைதானம் எழும்பிவிட்டது. பழையதில் கடைசி ஆட்டம் முடிந்ததும் இடிப்பு. புல்லையும் மண்ணையும் சதுரம் சதுரமாக வெட்டி, கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, ஞாபகப் பொருளாக விற்பார்களாம்.

வாண்டா மீன்களை விரட்டியது இந்தக் கடைசி வரியைப் படித்துத்தான்.

"பாத்தியாடா ஃபெலிக்ஸ்? என் புருஷனைக் கேக்கு மாதிரி துண்டு போட்டு விக்கப் போறானுங்க!"

"லெஸ்டர் இருந்த சைசுக்கு அவனை முழுசா எவன் வாங்குவான்? துண்டாத்தான் போவான்."

சாசேஜ் திருப்பும் இடுக்கி என் காதை உரசிக்கொண்டு போனது.

அணி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பேசிய பெண்ணின் குரல் தேன் தடவியதுபோல இருந்தது. "மேடம், மைதானத்துல சாம்பல் போட விதிகள்ல இடமே இல்ல. அதனால அப்படி ஒண்ணு நடந்திருக்க வாய்ப்பில்ல."

"நான் போட்டேன்ங்கறேன், நடக்கலைங்கறியே! அவன் அங்கதான் இருக்கான்!"

"உங்க உணர்வு புரியுது மேடம். தெற்குக் கட்டத்துச் சதுரம் சீக்கிரம் தீர்ந்துடும். வேணும்னா உங்க பேருக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டுமா?"

அதன் பிறகு வாண்டா சொன்னதை அச்சில் போட்டால் காகிதம் எரிந்துவிடும்.

இனி என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வேலி, பூட்டு, காவல். கடப்பாறையோடு உள்ளே போனால் ஜெயில். அப்போதுதான் ஏரி எங்களுக்கு உதவி செய்தது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஏரிக்காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டியது பாருங்கள், என் வீட்டுப் புகைபோக்கியில் ஒரு மான் உட்கார்ந்திருந்தது. உடனே அணியிடமிருந்து வழக்கமான அழைப்பு வந்தது: ரசிகர்களே, மண்வாரிகளோடு வாருங்கள், மைதானத்துப் பனியை அள்ளிப் போடுங்கள், ஆட்டத்துக்குச் சீட்டு இலவசம். பனி விழும் ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். சொந்த மைதானத்தைச் சுத்தம் செய்ய ரசிகனையே கூப்பிடும் முதலாளியும், கூப்பிட்டதும் ஓடிப்போகும் மடையர்களும் எங்கள் ஊரில்தான் உண்டு.

வாண்டா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மண்வாரி கொண்டுவான்னு அவனே சொல்றான், பாரு. அவனே சொல்றான்!"

காலையில் வாயிற்காவலன் எங்கள் மண்வாரிகளை எண்ணிப் பார்த்து நன்றிகூடச் சொன்னான். அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கைகள் பக்கம் போவார்கள். அன்றைக்கு என்னவோ, தெற்குக் கட்டத்தில் ஒரே நெரிசல். எல்லார் கோட்டும் இடுப்புப் பக்கம் புடைத்திருந்தது. எல்லாரும் பனியை அள்ளி முடித்த பிறகும் அள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

பனிப் போர்வைக்குக் கீழே மண் உறையாமல் மெத்தென்று இருந்தது. லெஸ்டரைத் தூவிய இடம் கட்டத்துக் கம்பத்துக்கு வலப்புறம், மூன்று தப்படி உள்ளே. வாண்டா முழங்காலிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். எதிரில் ஒரு நெட்டையன் அதே குழியில் மண்வாரியைச் செருகினான்.

"யோவ், தள்ளிப் போய்யா. இது என் இடம்."

"மன்னிக்கணும் மேடம். என் தம்பி இங்கதான் இருக்கான்."

"உன் தம்பியா? என் புருஷன் இருக்கற இடத்துல உன் தம்பிக்கு என்ன வேலை?"

"நான் டெல்மர் ப்ரூஸ். தம்பி பேரு க்ளைட். கம்பத்துக்கு வலப்பக்கம், மூணு தப்படின்னு எழுதி வெச்சுட்டுச் செத்தான். அதுபடிதான் போட்டேன்." டெல்மர் குரலைத் தாழ்த்தினான். கோட்டுக்குள்ளிருந்து கழுத்துத்துணியின் நுனி எட்டிப் பார்த்தது. பச்சை. எங்களைக் காலங்காலமாக மிதித்து வரும் ஆற்றங்கரை ஊர்க்காரர்களின், பார்ஜர்ஸ் அணியின் பச்சை.

வாண்டா எழுந்தாள். "உன் தம்பி எந்த ஆளுய்யா?"

"அது வந்து... அவன் பார்ஜர்ஸ் ஆளு. ஹாமர்ஸ்காரன் ஒருத்தனும் இந்தப் பக்கம் புள்ளி எடுக்கக் கூடாது, நான் காலைப் புடிச்சு இழுக்கறேன்னு சொல்லிட்டுப் போனான். சும்மா தமாஷுக்குத்தான் மேடம்."

"தமாஷா!" மண்வாரி உயர்ந்தது. "இத்தனை வருஷமா தோத்துக்கிட்டு இருக்கோம், தமாஷா? என் புருஷன் பக்கத்துல படுத்துக்கிட்டு எங்க பசங்க காலைப் புடிச்சு இழுத்திருக்கான், தமாஷா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். அதனால்தான் டெல்மருக்கு இன்னும் தலை இருக்கிறது. எனக்குத் தோள் வீங்கியது.

"பிரிச்சு எடு," என்றாள் வாண்டா மூச்சு வாங்க. "உன் ஆளை மட்டும் பிரிச்சு எடு."

டெல்மர் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பார்த்தான். கறுப்பு மண்ணில் வெள்ளைவெள்ளையாகத் துணுக்குகள். இதில் லெஸ்டர் யார், க்ளைட் யார்? அவன் கண் கலங்கிவிட்டது. "முடியாது மேடம். ஆனா இங்கயே விட்டுட்டுப் போனா, ரெண்டு பேரையும் சேத்து எவன் வீட்டு மேசையிலயோ வெச்சுடுவானுங்க."

வாண்டா அவனை முறைத்தாள். பிறகு காப்பி டின்னைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். "அள்ளு. ஆனா ஒண்ணு, டின்னு என்னோடது."

சுற்றிலும் பார்த்தேன். யாரோ அப்பாவை மாவு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அத்தையைப் பிஸ்கட் டப்பாவில். தெற்குக் கட்டமும் அதன் கோட்டுக்கு முன்னால் இருந்த புல்லும் உருளைக்கிழங்கு பிடுங்கிய வயல்போல ஆகிவிட்டன. அந்நேரம் பார்த்து ஹால்விக் கோட்டோடு ஓடிவந்தான். பின்னால் நாலு காவலர்கள்.

"என்ன பண்றீங்க! மதியம் நாடு பூரா டிவில வரப்போற மைதானம் இது! போலீஸைக் கூப்பிடுங்க!"

"கூப்பிடு!" வாண்டா குழியிலிருந்து நிமிர்ந்தாள். "அந்த டிவிக்காரனையும் கூப்பிடு. இந்த மண்ணுக்குள்ள யார் யார் படுத்திருக்காங்கன்னு நான் பேரோட சொல்றேன். அப்புறம் உன் கண்ணாடிப் பெட்டிய எவன் வாங்கறான்னு பாப்போம். என் தாத்தன் கட்டின மைதானத்த என் வரிப் பணத்துல இடிக்கறே. என் புருஷனை எனக்கே விக்கறே. உனக்கு வெக்கமா இல்ல?"

மாவு டப்பாவும் பிஸ்கட் டப்பாவும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன. ஹால்விக் முகம் பனிக்கு மேட்சானது. போலீஸைக் கூப்பிடவில்லை. "குழிய மூடிட்டுப் போங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா மண்ணு என்னோடது. ஒரு துளி வெளிய போகக் கூடாது." காவலர்களிடம் திரும்பி, போகும்போது எல்லார் பையையும் சோதிக்கச் சொன்னான்.

குழிகளில் மணலைக் கொட்டிப் பச்சைச் சாயம் அடித்தார்கள். மதியம் ஆட்டம்; எதிரணி, வேறு யார், பார்ஜர்ஸ். லெஸ்டரின் பழைய இரும்புப் பலகையில் டின் உட்கார்ந்தது. ஒரு பக்கம் வாண்டா, மறு பக்கம் டெல்மர். பார்ஜர்ஸ் புள்ளி எடுக்கும்போதெல்லாம் வாண்டா டின்னின் மண்டையில் அடித்தாள். "சிரிக்காத, க்ளைட்!"

கடைசி நிமிடம். எங்கள் பையன் ஒருவன் பந்தோடு தெற்குக் கட்டத்தை நோக்கி ஓடினான். தடுக்க ஆளே இல்லை. காலைப் பிடித்து இழுக்கக் க்ளைடும் இல்லை. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது, இரும்பு முனகியது. கட்டத்தின் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அவன் கால் சாயம் அடித்த மணலில் புதைந்தது. முகம் குப்புற விழுந்தான். பந்து உருண்டு போயிற்று.

ஆட்டம் முடிந்தது. டெல்மர் வாயைத் திறந்தான், வாண்டா விரலை நீட்டினாள், மூடிக்கொண்டான்.

வெளியேறும் வாயிலில் சோதனை. ஞாபகத்துக்கு என்று இரும்புப் பலகையைக் கழற்ற முயன்றவர்களின் திருப்புளிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அந்த இரும்பை யாரால் கழற்ற முடியும்? ஒரு இளங்காவலன் வாண்டாவின் டின்னைத் தட்டினான். "மன்னிக்கணும் மேடம். மண்ணு முதலாளி சொத்து. கொட்டிட்டுத்தான் போகணும்."

பின்னால் வரிசை நின்றது. மாவு டப்பா, பிஸ்கட் டப்பா, எல்லாம்.

வாண்டா மூடியைத் திறந்து டின்னை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"இதுல எது உன் முதலாளியோட மண்ணு, எது என் புருஷன், எது இந்த நெட்டையனோட தம்பின்னு பிரிச்சுக் காட்டுப்பா. நாங்க காலைல பூரா முயற்சி பண்ணிட்டோம். உன்னால முடிஞ்சா முதலாளியோடத எடுத்துக்கோ. நான் நிக்கறேன்."

காவலன் டின்னுக்குள் குனிந்து பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் பின்னால் இருந்த டப்பாக்களைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.