ஆட்காட்டிக் கூட்டுக்கு இரண்டு காவல்

நூம்பலில் வீடு கட்டிக் குடிவந்த முதல் கோடையிலேயே பார்வதத்துக்கு ஏரி பிடித்துப்போனது. கணவர் ஆவடி தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டுக்குக் கிளம்பியதும் கதவைப் பூட்டிக்கொண்டு கரையில் நடக்கப் போய்விடுவாள். வெயில் ஏறுவதற்குள் பார்க்க எவ்வளவோ இருந்தது. கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. கொன்றை ஒன்று இலையே தெரியாமல் மஞ்சள் சரமாய்த் தொங்கியது. தண்ணீர் நடுவில் குட்டையாகச் சுருங்கி மீனெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துவிட, கூழைக்கடாக்கள் பந்திக்கு இடம் பிடித்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடல்காற்று இந்தப் பக்கம் வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரைக்கும் இந்தக் கரைதான் குளிர்ச்சி.

அங்கேதான் ஆட்காட்டிக் குருவியின் முட்டைகளைப் பார்த்தாள். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. தாய் பதறிக் கத்தியதும் விலகி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அது அவளுடைய கூடு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஆள் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். நாற்பது வயதிருக்கும். சட்டையில் கிரீஸ் கறை, கையில் கோணிப்பை. பைக்கைக் கரையில் நிறுத்திவிட்டு நேராக அந்தப் பள்ளம் இருக்கும் திசையையே பார்ப்பான். இவள் நெருங்கினால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். பேச்சுக் குரல் மட்டும் கேட்காது.

ஒருநாள் கூட்டைச் சுற்றிக் கருவேல முள் வளையமாகக் கிடந்தது. பறவை பிடிக்கிறவர்கள் அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தாள். அத்தனையையும் அள்ளித் தூரப் போட்டாள். விரலில் முள் ஏறி வீங்கியது. மறுநாள் முள் மறுபடி இருந்தது, முன்னைவிட அடர்த்தியாக. அதையும் எடுத்தெறிந்தாள்.

கணவரிடம் சொன்னாள். "போலீஸ்ல போயி என்னன்னு சொல்லுவ? பறவையப் பாக்கான்னா? நீயுந்தான பாக்க" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

அந்த வாரமே ஒருநாள் காலையில் பள்ளம் வெறுமையாகக் கிடந்தது. ஓட்டுத் துண்டு கூட இல்லை. பார்வதம் குனிந்து பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தால், கரையிலிருந்து அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"முட்டை எங்க தம்பி?" என்றாள்.

"அதத்தான் நான் கேக்கணும். எடுத்துக்கினு போய் இன்னா மேடம் பண்ணீங்க?"

"நானா?"

"பின்ன? நாய் வருதேன்னு முள்ளு வெட்டியாந்து போட்டா, மறுநாளே பிச்சிப் போட்டு கீது. இந்தப் பக்கம் உங்களத் தவுர யாரும் வர்ல. நானும் பாத்துக்கினுதான் கீறேன்."

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

அவன் கோணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஓர் அரிவாளும் கிழிந்த கையுறையும் விழுந்தன. "உங்க பையில?" என்றான் பதிலுக்கு. அவளும் ஜிப்பைத் திறந்து காட்டினாள். சாவியும் கைக்குட்டையும் இருந்தன. அரிவாளைக் காட்டிவிட்டால் முட்டை திருடாதவன் என்று ஆகிவிடுமா என்று அவளுக்குத் தோன்றியது. அவன் பார்வையும் அவள் பையை விட்டு நகரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அவன் சொன்னது மெய்யானால், நாய்க்கு வழி விட்டது அவள் கை. நாய் புகுந்தது உங்களால்தான் என்று மட்டும் அவன் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

தலைக்கு மேல் ஆட்காட்டி ஓயாமல் கத்தியபடி தாழ்ந்து தாழ்ந்து பறந்தது. முட்டை போன பிறகும் இது எதற்கு இப்படித் துரத்துகிறது என்று தரையைப் பார்த்தாள். அவன் கால் வைக்கப் போன இடத்தில் ஒரு மண்கட்டி கண்ணைச் சிமிட்டியது.

"காலை வைக்காதீங்க" என்றாள்.

அவன் தூக்கிய காலோடு அப்படியே நின்றான். மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தது ஒரு குஞ்சு. கட்டை விரல் பருமன்தான் இருக்கும். பொரித்த கையோடு குஞ்சு நடக்குமென்றும், ஓட்டைத் தாயே தூக்கிப் போய்விடுமென்றும் இருவருக்கும் தெரியாது. வந்த தடத்திலேயே பின்னுக்கு நகர்ந்து கரையேறினார்கள். கொஞ்ச நேரத்தில் தாய் இறங்கி வந்து கூப்பிட, அந்தக் குஞ்சு குச்சிக் காலால் குடுகுடுவென்று ஓடியது. வெடிப்புக்குள்ளிருந்து இன்னொன்று எழுந்தது. பிறகு இன்னொன்று. பார்வதத்துக்கு நெஞ்சு நிறைந்தது. நாலாவதற்காக இருவரும் வெகுநேரம் நின்றார்கள். அது வரவில்லை.

"எங்கனா படுத்துகினு இருக்கும்கா" என்றான் அவன். மேடம் போய் அக்கா வந்திருந்தது. "ம்" என்றாள். இருவருமே அதை முழுசாக நம்பவில்லை.

பெயர் உதயகுமார், பூந்தமல்லியில் வண்டி ரிப்பேர் கடை, வீடு இங்கேயே பின்தெருவில் என்று சொன்னான். கிளம்பும்போது கேட்டான்: "வேற எதுனா கூடு கண்ணுல பட்டுச்சாக்கா?"

கிழக்குக் கோடி நாணலுக்குள் ஒரு தாழைக்கோழி அடைகாப்பதை முந்தாநாள்தான் பார்த்திருந்தாள்.

"இல்லையே தம்பி."

தலையாட்டிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். ரோட்டுப் பக்கம் திரும்பாமல், நாணல் ஓரமாகவே மெல்ல ஓட்டிக்கொண்டு போனான். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அவன் கண்மறையும் வரை பார்வதம் அங்கிருந்து நகரவில்லை.