உப்புக்கோட்டைக் காவலாளி

அவனுக்குத் 'தீர்ப்பு' என்று பெயர் வைத்தது அவனோடு ஏசி ரிப்பேர் வேலை பார்க்கிறவர்கள்தான். டீ சரியில்லை என்றால்கூட எந்த இடத்தில் கெட்டது, அதற்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைக்க மாட்டான். ஏணியில் நின்றுகொண்டும் பேச்சு, இறங்கி வந்தும் பேச்சு. ஆனால் இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு. அவனுடைய நிஜமான நீதிமன்றம் வீட்டு ஹாலில், டிவிக்குக் கீழே இருந்தது. மஞ்சளேறிப்போன ஒரு பழைய கேம் பெட்டி.

பழைய கன்சோல் கேம்களைப் பற்றிப் பேசி, பதிவு செய்து, இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாப்பிடியான ஆட்கள். அந்தக் கால ஆக்‌ஷன் கேம்களில் உண்மையான வில்லன் கடைசியில் வருகிற ராட்சசன் அல்ல, சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கிற கேமராதான் என்பது அவன் கட்சி. ஓடுகிற பலகை மேல் குதித்துத் தாண்டுகிற இடங்களை வைத்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பான். அட்வென்சர் கேம் என்று வந்தால் மட்டும் குரல் இளகிவிடும்.

"அதுல மேப் கிடையாதுங்க. அம்புக்குறி கிடையாது. எங்க போறதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தொலைஞ்சு போகணும். தொலைஞ்சு போறதுதான் கேமே. இப்ப வர்றதெல்லாம் என்ன? வாயைத் தொற, நான் ஊட்டி விடறேன்கிற கதைதானே?"

இப்படி ஊருக்கே உபதேசம் செய்தவன் தன் வீட்டில் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய கேம் ஒன்றே ஒன்று. 'உப்புக்கோட்டை' என்பது அவன் தமிழில் வைத்துக்கொண்ட பெயர். கடலுக்கு நடுவே உப்புப் பாறையில் குடைந்த ஒரு கோட்டைக்குள், காணாமல் போன அப்பாவைத் தேடி ஒரு படகுக்காரப் பெண் போகிறாள். கதை அவ்வளவுதான். அந்தக் கேமில் அவனுக்கு எல்லாமே பிடிக்கும், ஓர் இடத்தைத் தவிர. நடுக்கோட்டையின் வாசலில் கண் தெரியாத ஒரு காவலாளி நிற்பான். மலை மாதிரி ஆள். சத்தத்தை வைத்தே துரத்தி வந்து அடிப்பான். இருக்கிற அம்பையெல்லாம் அவன் மேல் கொட்டினால்தான் விழுவான். "இவ்வளவு அழகா ஒரு கேமைச் செஞ்சுட்டு, இந்த இடத்துல சோம்பேறித்தனமா ஒரு முரட்டுச் சண்டையை வச்சுட்டாங்க. வெள்ளைச் சட்டையில மைக் கறை" என்று எத்தனையோ பதிவுகளில் புலம்பியிருக்கிறான்.

அவனுக்கு இருந்த குறை வேறு. பேச்சைக் கேட்க எங்கெங்கோ ஆட்கள் இருந்தார்கள். பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லை. மனைவி கல்யாணமான புதிதில் ஓரிரு தடவை உட்கார்ந்து பார்த்தாள். கோட்டைக் கதவு திறப்பதற்குள் தூங்கிவிட்டாள். "என்கிட்ட பேசினதைவிட இந்தப் பெட்டியைப் பத்திப் பேசினதுதான் ஜாஸ்தி" என்று சொல்லிக்காட்டுவதோடு சரி.

அப்படியிருக்கும்போதுதான் அக்கா காலை உடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. ஈரப் படிக்கட்டில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போனது. அவள் வீடு மாடியில். அத்தான் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். தம்பி வீடு கீழ்த்தளம். மாவுக்கட்டோடு வந்து ஹால் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சும் இல்லை. அம்மா போன பிறகு மாதத்துக்கு ஒரு போன். "நல்லாருக்கியா?" "ம்." "அவங்க?" "நல்லாருக்காங்க." அத்தோடு இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். அந்தக் கேம் பெட்டியை அவனுக்கு வாங்கித் தந்ததே அக்காதான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். வாங்கித் தந்தாளே தவிர ஒரு நாளும் தொட்டதில்லை. அவளுக்கு நேரமும் இல்லை, "நீயும் ஆடுக்கா" என்று அவன் சொன்னதும் இல்லை.

பொழுது போகாமல் ஒரு சாயங்காலம் அவளே கேட்டாள். "டேய், அந்த ரிமோட்டை இங்க குடு. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

"அது ரிமோட் இல்லக்கா, கண்ட்ரோலர்."

"ஏதோ ஒரு எழவு. குடு."

அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உப்புக்கோட்டையைப் போட்டுக் கொடுத்தான். சேவ் பண்ண அவளுக்கு ஓர் இடம் வேண்டுமே. மெமரி கார்டில் அநேகமாக எல்லா இடத்திலும் அவனுடைய பழைய ஆட்டங்கள்தான் நிறைந்து கிடந்தன: எல்லா அம்பும் கையில் இருக்கிற ஆட்டம், ஒரு அடிகூட வாங்காமல் முடித்த ஆட்டம், இப்படி. அவற்றை அவன் யாருக்காகவும் அழிப்பதாக இல்லை. மிச்சமிருந்த ஒரே ஒரு இடத்தை அக்காவுக்கு ஒதுக்கினான். பெரிய மனசுதான்.

அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. படகுத்துறையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினாள். பேசியவர்களிடமே திரும்பவும் பேசினாள். ராட்சசத் தவளைகளை அடிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் போனாள்.

"அடிக்கா! அடி!"

"அது பாட்டுக்குப் போகுது, அதை எதுக்குடா அடிக்கணும்?"

"அதை அடிச்சாத்தான் அம்பு கிடைக்கும்."

"எனக்கு எதுக்கு அம்பு?"

இடது பக்கம் போ, அந்த விளக்கைத் தட்டு, இப்பவே சேவ் பண்ணு என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டே இருந்தான். மேப்பும் அம்புக்குறியும் கூடாது என்று முழங்கியவன் தானே அம்புக்குறியாக நீட்டிக்கொண்டிருந்தான். "நீ வேலைக்குப் போனப்புறம் ஆடிக்கறேன், போ" என்று கடைசியில் அவள் சொல்லிவிட்டாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான்.

ஆனாலும் அந்த நாட்கள் அவனுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தன என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை முடிந்தால் நேரே வீடு. "இன்னிக்கு எங்க இருக்க?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவான். கிணத்தைத் தாண்டிட்டேன், அந்தக் கிழவன் பொய் சொல்றான் என்று அவளும் சொல்வாள். இரண்டு பேரும் இப்படி வாயடிப்பதை மனைவி அதற்கு முன் பார்த்ததே இல்லை. பகலில் அக்கா அவன் பேசிய பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் அவள் பார்த்திருந்தாள். அதை ஏனோ மனைவி அவனிடம் சொல்லவில்லை.

அக்கா கண் தெரியாத காவலாளியிடம் வந்து சேர்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். தம்பி வந்து கேட்கிறபோதெல்லாம், "அந்த வாசல்லதான்டா இருக்கேன்" என்பாள். தனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக அவன் நினைத்தான். அம்பு சேர்க்காமல் வந்தால் இப்படித்தான். மாட்டிக்கொண்டாள். உதவி கேட்க வெட்கம்.

கட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. அன்று மதியமே அத்தான் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. முந்தின நாள் அக்கா சொன்னாள், "நாளைக்கு லீவு போடுடா. நான் ஆஸ்பத்திரி போய்ட்டு வந்ததும் உக்காரு. உனக்கு ஒண்ணு காட்டணும்."

அவன் லீவு போட்டான். வெட்கத்தை விட்டு ஒரு வழியாக உதவி கேட்டுவிட்டாள் என்றே எடுத்துக்கொண்டான். காலையில் மனைவியும் அக்காவும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனதும் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தான். போகிற நேரத்தில் அவள் தோற்றுப்போய் முகம் வாடுவதைப் பார்க்க அவனுக்கு மனசில்லை. அவள் வருவதற்குள் அந்தத் தடியனைச் சாய்த்துவிட்டால், வந்ததும் அடுத்த பாகம், உப்பு ஏரி, அந்த அழகான இடத்தைச் சேர்ந்தே பார்க்கலாம். அவன் மனதில் இருந்தது இவ்வளவுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை.

அக்காவின் ஆட்டத்தைத் திறந்தான். கையில் அம்பு சொற்பம். பையில் ஒரு காய்ந்த ரொட்டி. படகுத்துறையில் ஒரு சின்னப் பெண் ஆரம்பத்திலேயே தருகிற ரொட்டி அது. முதல் அடி வாங்கியதும் எல்லோரும் தின்றுவிடுவார்கள். 'இதை ஏன் இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்திருக்கா?' என்று சிரித்துக்கொண்டே அதைத் தின்ன வைத்து உயிரை நிரப்பினான். பிறகு சண்டை. கை பழகிய சண்டைதான் என்றாலும் அம்பு குறைவு என்பதால் வேர்த்துவிட்டது. காவலாளி சாய்ந்தான். கதவு திறந்தது. சேவ் பண்ணவா என்று கேட்டது. பழைய ஆட்டத்தின் மேலேயே எழுதவா என்று இன்னொரு தரமும் கேட்டது. அந்தக் காலத்து ஆட்கள் நல்லவர்கள், இரண்டு தடவை கேட்பார்கள். வேறு இடத்தில் எழுதலாம்தான். அதற்குத் தன்னுடைய ஆட்டங்களில் ஒன்றை அழிக்க வேண்டும். அவன் அதை யோசிக்கக்கூட இல்லை. அக்காவின் மேலேயே எழுதினான்.

அவள் வெளுத்துச் சுருங்கிய காலோடு நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "உக்காரு உக்காரு" என்றாள். திரை வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இவன் எங்கடா?"

"முடிச்சுட்டேன்க்கா. இனிமே உனக்குத் தொல்லை இல்ல."

அவள் பையைத் திறந்து பார்த்தாள்.

"ரொட்டி?"

"அதை எதுக்குக்கா வச்சிருந்த? தின்னாச்சு."

அக்கா கண்ட்ரோலரை மெதுவாக மடியில் வைத்தாள். "அவனைக் கொல்ல வேணாம்டா. அசையாம நின்னா பக்கத்துல வருவான். முகர்ந்து பாப்பான். ரொட்டியை நீட்டினா அப்படியே தரையில உக்காந்துடுவான். உக்காந்து... பேசுவான்டா."

இத்தனை வருஷத்தில் அந்தக் காவலாளிக்குக் குரல் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அவன் பதிவுகளைக் கேட்கிறவர்கள் யாரும் சொன்னதில்லை.

"என்ன பேசுவான்?"

"தெரியாது. தொண்டையைக் கனைச்சான், நான் சேவ் பண்ணாம மெஷினை ஆஃப் பண்ணிட்டேன். நீ அதைக் கறை கறைன்னு அத்தனை தடவை சொல்லிருக்கியே. கறை இல்லடா, உன்னையும் உக்கார வச்சு ஒண்ணாக் கேக்கலாம்னு விட்டு வச்சிருந்தேன்."

அவன் எட்டிக் கண்ட்ரோலரை எடுத்தான். "முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்க்கா. நான் வேகமாக் கொண்டு வந்துடறேன்."

"விடுடா. அத்தான் வந்துடுவார்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தேற்றினாள். "நல்லதுக்குத்தானே பண்ணின." திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. துணிகளை மடிக்க எழுந்து போனாள். மதியம் அத்தான் வந்தார், காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவன் பேசிப் போட்ட பதிவு ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வந்து உப்புக்கோட்டையை முதலிலிருந்து ஆடினான். எல்லோரிடமும் பேசினான். தவளைகளை விட்டு ஒதுங்கினான். ரொட்டியைத் தொடவில்லை. பல நாள் ஆயிற்று. அசையாமல் நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது; காவலாளி கிட்டே வந்தாலே கட்டை விரல் தானாக அம்புக்குப் போய்விடும், படகுக்காரப் பெண் அடிபட்டுச் செத்துப்போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியோ நின்றுவிட்டான். ரொட்டியை நீட்டினான். அந்த மலை தரையில் உட்கார்ந்தது. தொண்டையைக் கனைத்தது.

அவன் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, அவன் உக்காந்துட்டான். நிறுத்தி வச்சிருக்கேன். வாயேன். இல்ல, நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"யாருடா?" என்றாள். பின்னால் தள்ளுவண்டிச் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன. பிறகு ஞாபகம் வந்து சிரித்தாள். "ஐயோ, அதுவா? இன்னிக்கு ரெண்டு பேர் வேற வரலடா, மாடி முழுக்க என் தலையில. நீ கேட்டுட்டு சொல்லு. சரியா? வச்சிடட்டா?"

"நீ எப்ப வருவே?"

"பாப்போம்டா. காலு நல்லாயிடுச்சே, இனிமே எங்க லீவு?" என்றாள். பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டது.

பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். அவன் சோபாவில், அக்கா உட்கார்ந்திருந்த மூலையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, நிறுத்தியதை விடுவித்தான்.

காவலாளி ரொட்டியைப் பிட்டான். பாதியைத் தன் பக்கமும் பாதியைப் படகுக்காரப் பெண்ணின் பக்கமும் வைத்தான். கரகரத்த, வயதான, அன்பான குரல். "ரெண்டு பேர் மூச்சுச் சத்தம் கேக்கணும்னு காத்துக்கிட்டிருக்கேன்" என்றான். "நீ தனியாவா வந்திருக்க?"

கீழே இரண்டு பதில்கள் வந்து நின்றன, ஆமாம் என்றும் இல்லை என்றும். அவன் வெகுநேரம் எதையும் தொடாமல் இருந்தான். அசையாமல் இருக்க இப்போது அவனுக்குக் கஷ்டமாகவே இல்லை. காவலாளியும் அவசரப்படவில்லை, தலையைச் சாய்த்துக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவன் 'ஆமாம்' என்பதை அழுத்தினான்.