தேசப்பன் ருசி சொல்லாத குழம்பு

1

இந்தக் கதை ஒரு அசட்டுக் கேள்வியில் பிறந்தது. கேள்வி என்னுடையது, ஆகவே அசடும் நான்தான். ஒரு பத்திரிகையின் மலருக்காக, சமையலையே தொழிலாகக் கொண்ட நான்கு பேரிடம் ‘உங்கள் கடைசிச் சாப்பாடு என்னவாக இருக்க வேண்டும்?’ என்று கேட்டு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று பேர் சென்னையில் பெரிய ஓட்டல்களில் இருப்பவர்கள். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லி, சிரித்தபடி படத்துக்கும் நின்றார்கள். நாலாவது ஆள் வேறு மாதிரி இருக்கட்டுமே என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர் தேசப்பன், ஒரு ஷிஃப்ட்டுக்கு அறுநூறு பேருக்குச் சமைப்பவர். சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டே என் கேள்வியைக் கேட்டார். கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“கடைசின்னா, அட்மிட் ஆவறதுக்கு மொத நாளா சார்? இல்ல, அன்னிக்குக் காலைல நாஷ்டாவும் சேத்தியா?”

2

[இந்த இடத்தில் அடுப்பு, ஆவி, வியர்வை என்று ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். அவர் அப்படிக் கேட்டபிறகு நான் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.]

நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். சோதித்துப் பார்த்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வியாழன் அறுவை சிகிச்சை. நாக்கில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். சில வாரம் மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். அதற்கப்புறம் ருசி தெரியுமா என்றால் டாக்டர் உறுதி சொல்லவில்லை. இதையெல்லாம் நாளைய மெனு சொல்வதுபோலச் சொன்னார் தேசப்பன்.

சமையல்காரருக்கு நாக்கில் நோய் என்றால், கதைக்காக நானே செய்துவைத்தது மாதிரி தெரியும். அதற்குப் பயந்து இரண்டாம் வரைவில் தொண்டை என்று மாற்றினேன். மனசு ஒப்பவில்லை. நாக்குதான், நம்புங்கள்.

3

தேசப்பன் தன் கடைசிச் சாப்பாடாகப் பழவேற்காட்டு இறாலை, வெங்காயம் பொன்னிறமாக

இல்லை. அது எனக்குப் பிடித்த சாப்பாடு. அவர் கேட்டது கருவாட்டுக் குழம்பு. அதுவும் அவர் மனைவி விக்டோரியா வைத்தது. இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். விக்டோரியா குழம்பு வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

தேசப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாச் சமையல்காரர்களுக்கும் உள்ளதுதான். வலது கையில் கரண்டி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு, நக்கிப் பார்த்ததும் குறை என்னவென்று சொல்லிவிடுவது. கல்யாணமான புதிதில் விக்டோரியா ஆசையாக வைத்த கருவாட்டுக் குழம்பையும் அப்படித்தான் உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, “புளி பத்தல” என்றார். வேலை மும்முரத்தில் உதவியாளிடம் சொல்கிற அதே குரலில். சாப்பிட்டது என்னவோ நான்கு வாய்தான். மறுநாளிலிருந்து விக்டோரியா அடுப்புப் பக்கம் போகவில்லை. அவரும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். கேன்டீனிலிருந்து கேரியரில் வருவதுதான், பக்கத்து ஊரான ஆரம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. கேன்டீனிலோ வாசனை வரும் என்று கருவாட்டுக்குத் தடை.

சண்டை, பேச்சுவார்த்தை இல்லாமை, அதெல்லாம் கிடையாது. நல்ல குடித்தனம். அது ஒன்று மட்டும் தேசப்பனுக்கு உள்ளே முள்ளாக இருந்துகொண்டே இருந்தது. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

4

ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாளைக் கருவாடு வாங்கிவந்து சமையல் மேடைமேல் வைத்தார். விக்டோரியா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவருடைய முகத்தையும் பார்த்தார்.

“நான் வெச்சா, புளி பத்தலன்னுவ.”

“சொல்ல மாட்டேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேன்.”

[இங்கே எனக்கு விக்டோரியாமேல் சந்தேகம் வந்தது. இருபத்திரண்டு வருஷக் கோபம் இவ்வளவு சீக்கிரம் இறங்குமா? முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதாக எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் படித்தால் அந்த அம்மாளை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் பிறகு நேரில் கேட்டபோது, கோபமே இல்லை, வெட்கம்தான் என்றார்.]

5

செவ்வாய்க்கிழமை மதியம். விக்டோரியா லீவு போட்டுவிட்டுக் குழம்பு வைத்தார். தேசப்பன் உட்கார்ந்து சாப்பிட்டார். நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவருக்கு அதுவே புதிதாக இருந்தது. விக்டோரியா கரண்டியைத் தூக்கியதும் தேசப்பனின் இடது உள்ளங்கை தானாக விரிந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று மூடித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

காரம் புண்ணில் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் மனுஷன். நல்லா இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

தப்பு நடந்தது அங்கேதான். விக்டோரியா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

கேன்டீனில் ஒரு விதி இருக்கிறது. சமைத்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்து, தேதியும் நேரமும் ஒட்டி, மூன்று நாள் ஃபிரிஜ்ஜில் வைப்பார்கள். யாருக்காவது வயிற்றைக் கெடுத்தால் சோதித்துப் பார்க்க. அதற்குப் பெயர் சாம்பிள் டப்பா. புருஷன் தினமும் சொல்லிக் கேட்ட விஷயம். விக்டோரியா ஒரு சின்ன டப்பாவில் குழம்பை ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் வைத்தார்.

6

மலரில் என் கட்டுரை வந்தது. தேசப்பனுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். அதைக் காட்டத்தான் நான்கு மாதம் கழித்து ஆரம்பாக்கம் போனேன். பாதியாக இளைத்திருந்தார். வார்த்தைகள் தடித்து வந்தன. இதுவரை கஞ்சிதான், இனி குழம்பும் துளித்துளியாகத் தொட்டுப் பார்க்கலாம் என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார். உப்பு லேசாகத் தெரிகிறதாம்.

விக்டோரியா டப்பாவை எடுத்துக்காட்டினார். மூன்று நாள்தானே விதி என்றேன்.

“அது கேன்டீன் ரூலு சார். இவுரு இன்னும் ருசி சொல்லல. சொல்றவரிக்கும் கொட்ட மாட்டேன்.”

தேசப்பன் புளி பத்தவில்லை என்று சொல்லி, இருவரும் சிரிக்கிற முடிவு ஒன்று எழுதினேன். ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் அழ, விக்டோரியா அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்கிற முடிவு ஒன்று. ருசி தெரியாமலே நல்லா இருக்கிறது என்று அவர் பொய் சொல்ல, அது பொய் என்று விக்டோரியாவுக்குத் தெரிந்துவிடுகிற முடிவு ஒன்று. மூன்றும் என் மேசைக்குள் கிடக்கின்றன.

நடந்தது இவ்வளவுதான். டப்பாவை மேசைமேல் வைத்தார்கள். கல்லாக உறைந்திருந்தது. இளக ஒரு மணி நேரமாவது ஆகும். எனக்கு ரயில் நாலேகாலுக்கு. அடுத்த ரயிலிலும் போகலாம்தான். ஆனால் தேசப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது உள்ளங்கையை விரித்து டப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டார். விக்டோரியா ஒரு ஸ்பூனோடு எதிரே உட்கார்ந்தார். அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு என்னவோ போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உங்களுக்கு ரயில் ஒன்றும் இல்லையே, நீங்கள் இருந்து பாருங்கள்.