பேட்டரி இல்லாத ரேடியோ

என் கணவர் மோசஸுக்கு மகள் ஜெயித்தால் மட்டும் போதாது. அதை நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். நாசமாய்ப் போன ஆசை!

ஒரு பல்கலைக்கழகத்தின் கோடைக்காலப் பொறியியல் வகுப்பில் இடம்பிடிக்கப் போட்டி வைத்தார்கள். 1910களில் பொறியியல் படித்த மாணவன் தன் கையால் என்ன செய்திருப்பானோ, அதைச் செய்து காட்ட வேண்டும். பேட்டரி கூடாது, சிப் கூடாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், தவறவிட்டால் அவ்வளவுதான். எங்கள் அபிகாயில் உயிரைக் கொடுத்து ஒரு ரேடியோ செய்தாள். ஓட்ஸ் டப்பாவில் செம்புக் கம்பி சுற்றி, அலையைப் பிடிக்கும் ஒரு கரிய கல்லை ஊசிமுனையால் தடவித் தடவி, ஒருநாள் காதுக்குழாயும் கையுமாக ஓடிவந்தாள்.

"அம்மா, இட்ஸ் டாக்கிங்!"

வாங்கிக் கேட்டேன். எங்கேயோ ஒருவன் கொசுக்குரலில் பேஸ்பால் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மோசஸும் கேட்டார். "என்னடி இது, ஒண்ணுமே கேக்கல! சர்ச் ஆன்ட்டி, அங்கிள் எல்லாரையும் போட்டிக்கு இன்வைட் பண்ணியிருக்கேன். ஹால்ல நிக்கிறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"தே டோன்ட் ஹேவ் டு ஹியர் இட், டாடி."

அதோடு விட்டாரா மனுஷன்? போட்டியன்று காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், ரேடியோப் பலகைக்கு அடியில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒட்டிவிட்டார். நடுவர் வந்ததும் போனில் ரேடியோ ஆப்பைத் தட்டிவிடுவதாகத் திட்டம். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அதைப் பிய்த்து ஃப்ரீவேயில் எறிந்திருப்பேன்.

நடுவர் நரைத்த தாடிக்காரர், பேராசிரியர். காதுக்குழாயைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து மோசஸின் தம்பி திருநெல்வேலியிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். ரேடியோவுக்கு அடியிலிருந்து மோசஸின் ரிங்டோன் அலறியது.

ஹாலே சிரித்தது. நடுவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் வைத்தது என்று கேட்டார். மோசஸ் வாயைத் திறந்தார்.

"அபி! வொய் டிட் யூ டூ திஸ்?"

பாவி! "அவ இல்ல, இவர்தான் வச்சிருக்காரு!" என்று கத்தினேன். தமிழில் கத்திவிட்டேன் என்று உறைத்ததும் இங்கிலீஷிலும் கத்தினேன். யார் வைத்தாலும் விதி விதிதான் என்றார் நடுவர். ஆனாலும் ஸ்பீக்கரைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு, காதுக்குழாயை வைத்துக் கேட்டார். கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டார். பிரமாதமாக வேலை செய்கிறது என்று அவளிடம் சொன்னார். பிறகு அவள் பெயர் அட்டையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

எங்கள் ஊரான பிளானோவுக்குத் திரும்பும் வழியில் காரில் மோசஸ்தான் பேசினார். "விடு செல்லம். காலேஜ் அப்ளை பண்றப்ப டாடி வேற சூப்பர் ப்ராஜெக்ட் பண்ணித் தர்றேன்."

பின்சீட்டில் ஓட்ஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அபி உட்கார்ந்திருந்தாள். பேசத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"இனிமே என் எதையும் தொடாதீங்க. நீங்க எனக்கு வேண்டாம்."

மோசஸ் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா ஜெயா? தமிழ்ல பேசுறா!"